முன்குறி கோணலானால்: வாசகர் கேள்வி பதில்

ஏர் ரைபிள் பராமரிப்பைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை குறிபார்ப்பதற்காகக் குழலின் நுனியில் நிற்கும் ஒரு சிறு உறுப்பைப் பற்றியவை. பயிற்சிக் களங்களில் ஃபோர்சைட் என்று சொல்லப்படும் அதனை இங்கே முன்குறி என்றும், கண்ணுக்கு அருகில் இருக்கும் பேக்சைட்டைப் பின்குறி என்றும் குறிப்பிடுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருப்பதால், கடிதங்களைச் சுருக்கித் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

கேள்வி: குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகையைச் சேர்ந்த 0.177 ஏர் ரைபிள் ஒன்று என்னிடம் உள்ளது. பத்து மீட்டரில் சுட்டால் ரவைகள் எல்லாம் நடுவிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வலப்புறம் தள்ளியே விழுகின்றன. பின்குறியின் பக்கவாட்டுத் திருகைக் கடைசி வரை திருப்பியும் தீரவில்லை. முன்குறியைத் தட்டிச் சரிசெய்யலாம் என்கிறார் நண்பர். எந்தப் பக்கம் தட்ட வேண்டும்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: வலப்பக்கம். ரவை எந்தப் பக்கம் விலகி விழுகிறதோ, முன்குறியை அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். பின்குறிக்கு இது நேர்மாறு. ரவை எங்கே போக வேண்டுமோ அங்கே அதனை நகர்த்துவோம். முன்குறி வலப்புறம் நகர்ந்தால், அதனைப் பின்குறியின் பிளவுக்கு நடுவில் கொண்டுவருவதற்கு நீங்கள் குழலையே சற்று இடப்புறம் திருப்பியாக வேண்டும். ரவையும் இடப்புறம் செல்லும். இதனை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளாமல் சுத்தியலைக் கையில் எடுப்பவர்கள், இரண்டு சென்டிமீட்டர் பிழையை நான்காக்கிவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது, பிழை முன்குறியில்தான் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகப்படவில்லை. ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது பின்னோக்கி உதைப்பதோடு நிற்பதில்லை. பிஸ்டன் முன்னே போய் மோதி நிற்கும்போது முன்னோக்கியும் ஓர் உதை உண்டு. இந்த இரட்டை உதையில் கட்டையைப் பிணைக்கும் திருகுகள் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். முதலில் அவற்றை இறுக்குங்கள். அடுத்து, குழல் மடங்கும் இடத்திலுள்ள கீல் போல்ட்டைக் கவனியுங்கள். குழலின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் மிகச் சிறிதும் ஆட்டம் இருக்கக் கூடாது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பின்குறியும் குழலோடு சேர்ந்த பகுதியிலேயே பொருத்தப்பட்டிருந்தால், கீல் சற்றுத் தளர்ந்தாலும் இரண்டு குறிகளும் ஒன்றாகவே நகரும். பிழை பெரிதாகத் தெரியாது. பின்குறி உடற்பகுதியின்மேல் இருந்தால், ஒவ்வொரு முறை மடக்கி மூடும்போதும் முன்குறி வெவ்வேறு இடத்தில் வந்து நிற்கும். அந்த நிலையில் அதனை எத்தனை முறை தட்டினாலும் பயன் இல்லை.

இவை சரியாக இருந்தால், திறந்த உள்ளங்கையில் ரைபிளின் முன்கட்டையை இலேசாகத் தாங்கி, ஒரே வகை ரவையால் ஐந்து முறை சுடுங்கள். செங்கல்லையோ மேசை விளிம்பையோ முட்டாகக் கொடுக்க வேண்டாம். ஸ்பிரிங் ரைபிள் கடினமான பரப்பின்மேல் துள்ளும், துள்ளினால் ரவை விழும் இடமும் மாறும். ஐந்து துளைகளும் நெருக்கமாக ஓரிடத்தில் விழுந்து, அந்தக் கூட்டம் மொத்தமாக வலப்புறம் தள்ளியிருந்தால் அது குறியின் பிழை. துளைகள் தாள் முழுவதும் சிதறியிருந்தால் குறியைத் தொடாதீர்கள். ரவையையோ, குழல் மடங்கும் இடத்திலுள்ள அடைப்பு வளையத்தையோ, பிடிக்கும் முறையையோ பாருங்கள்.

குறியின் பிழைதான் என்று தெரிந்த பிறகும் தட்டுவதற்கு முன்னால் ஓர் அளவெடுப்பு இருக்கிறது. பின்குறியின் திருகைக் கடைசி வரை திருப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதனை முதலில் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, மறுபடியும் ஐந்து சுட்டு அளந்து பாருங்கள். விலகல் இப்போது இரண்டு சென்டிமீட்டருக்கும் அதிகமாக இருக்கும்; அதுதான் உண்மையான விலகல். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரத்தை விலகலால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால் முன்குறியை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது கிடைக்கும். குறிகளுக்கு இடையே 400 மி.மீ., விலகல் 35 மி.மீ., இலக்கு 10,000 மி.மீ. என்று கொண்டால், நகர்த்த வேண்டியது 1.4 மி.மீ. மட்டுமே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் பெரிய சுத்தியலைத் தேட மாட்டார்கள்.

இனி வேலை. ரைபிளில் ரவை இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். குழலை, கட்டையை அல்ல, தோல் அல்லது மரத்துண்டு வைத்த வைஸில் (இடுக்குப்பிடியில்) பிடியுங்கள். முன்குறியின் அடிப்பகுதியும் குழலும் சேரும் இடத்தில் கூரிய பென்சிலால் ஒரே கோடாகக் குறுக்கே கோடிழுங்கள். எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்தக் கோட்டின் முறிவுதான் காட்டும். பல ரகங்களில் முன்குறியை ஒரு சிறு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) பிடித்திருக்கும். அதனைத் தளர்த்தாமல் தட்டினால் குழலில் வடு விழும். திருகு இல்லாமல் டவ்டெயில் எனப்படும், அடியில் அகன்று மேலே குறுகும் பள்ளத்தில் இறுக்கமாக ஏற்றப்பட்ட முன்குறியாக இருந்தால், துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊற வையுங்கள். மறுநாள் பித்தளைப் பஞ்ச்சை (தட்டுவதற்கான சிறு கோலை) முன்குறியின் அடிப்பகுதியில், பள்ளத்துக்கு ஒட்டினாற்போல் வைத்து, சிறு சுத்தியலால் தட்டுங்கள். மேலே நிற்கும் மெல்லிய தகட்டில் வைத்துத் தட்டினால் தகடுதான் வளையும், முன்குறி நகராது. எஃகுப் பஞ்ச் வேண்டாம். நகர்த்திய பின் திருகை இறுக்கி, மீண்டும் ஐந்து சுட்டு, மிச்சப் பிழையைப் பின்குறியின் திருகால் தீர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் ரைபிளின் முன்குறி பக்கவாட்டில் நகர்ந்ததாகத் தெரியவில்லை, ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் வலப்புறம் சாய்ந்து நிற்பதுபோல் தோன்றுகிறது. ரவைகள் இடப்புறம் விழுகின்றன. இது என் கண்ணின் மயக்கமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் கண்ணைச் சந்தேகிக்க வேண்டாம், ரவைகள் விழும் திசையே உங்களுக்குச் சாட்சி. முன்குறியின் உச்சி வலப்புறம் சாய்ந்தால், அதனை நேராக்க நீங்கள் குழலை இடப்புறம் திருப்புகிறீர்கள். இரண்டு டிகிரி சாய்வு ஒரு பொருட்டா என்று தோன்றலாம். குழலின் மையத்திலிருந்து முன்குறியின் உச்சி 20 மி.மீ. உயரத்தில் இருந்தால், இரண்டு டிகிரி சாய்வில் உச்சி 0.7 மி.மீ. பக்கவாட்டில் தள்ளிப்போகும், குறிகளுக்கு இடையே 400 மி.மீ. உள்ள ரைபிளில் அது பத்து மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 17 மி.மீ. பிழையாக வளர்ந்து நிற்கும்.

சாய்வை உறுதிப்படுத்த, கொத்தனார்கள் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றைச் சுவருக்கு முன்னால் தொங்கவிடுங்கள். ரைபிளை வைஸில் பொருத்தி, பின்குறியின் மேல் விளிம்பின்மீது சிறிய ரசமட்டத்தை வைத்து அது மட்டமாக இருக்கும்படி செய்யுங்கள். பிறகு பின்னாலிருந்து பார்த்து, முன்குறியின் தகடு தூக்குக்குண்டின் நூலோடு இணையாக நிற்கிறதா என்று ஒப்பிடுங்கள். சாய்ந்திருந்தால், அடுத்து அறிய வேண்டியது சாய்ந்தது எது என்பது. தகடு மட்டும் வளைந்திருந்தால் புதிய முன்குறி வாங்குவதே நல்லது. வளைந்ததை நிமிர்த்தினால் அடுத்த இடியில் அதே இடத்தில் மறுபடியும் வளையும். முன்குறியின் வளையம் குழலின்மேல் சுழன்றிருந்தால் திருகைத் தளர்த்தித் திருப்பி இறுக்கலாம். குழலே அதன் இருக்கையில் சுழன்றிருந்தால் அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

சாய்வைச் சரிசெய்யாமல் பின்குறியைத் திருப்பியே சமாளிக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். பத்து மீட்டரில் சமாளிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சாய்ந்த முன்குறியைப் பார்த்துப் பார்த்து, அதனை நிமிர்த்துவதாக நினைத்து ரைபிளையே இடப்புறம் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் கைக்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு விடுவது கடினம்.

கேள்வி: ரவைகள் மூன்று சென்டிமீட்டர் கீழே விழுகின்றன. முன்குறியை அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். சரிதானா?
(வாசகர், ஈரோடு)

பதில்: கொள்கை சரி. முன்குறியின் உயரத்தைக் குறைத்தால் ரவை மேலே ஏறும். கூட்டினால் கீழே இறங்கும். ஆனால் தேய்த்ததை மீண்டும் வளர்க்க முடியாது என்பதால், இதனைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பின்குறியை உயர்த்தினால் ரவையும் உயரும். அதில் இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முன்சொன்ன கணக்கின்படி, 400 மி.மீ. இடைவெளியும் 30 மி.மீ. பிழையும் உள்ள ரைபிளுக்கு 1.2 மி.மீ. குறைக்க வேண்டும். அதில் பாதியை மட்டும் மெல்லிய அரத்தால் தேய்த்து, சுட்டுப் பார்த்து, பிறகு சிறிது சிறிதாக முன்னேறுங்கள். மேல் விளிம்பு தட்டையாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்துவிட்டால், முன் கேள்வியில் சொன்ன சாய்வுப் பிழையை நீங்களே உண்டாக்கியவர் ஆவீர்கள். தேய்த்த இடம் பளபளத்து ஒளியைத் தெறிக்கும். கருப்பு ஏற்றும் மருந்தோ, அதுவும் இல்லையென்றால் மார்க்கர் மையோ பூசுங்கள்.

இதற்கு மறுதலையாக, நேற்று வரை சரியாக இருந்த ரைபிள் இன்று திடீரென்று மிக உயரத்தில் சுடுவதாக எழுதுபவர்களும் உண்டு. அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, குழல் மடங்கியிருந்தபோது யாராவது விசையை அழுத்தினார்களா என்பது. அப்படி அழுத்தினால் குழல் வெகு வேகமாக மேலே அறைந்து மூடி, மேல்நோக்கி வளைந்துவிடும். விரலை நசுக்கக்கூடிய விபத்தும் அதுதான். அங்கே பழுது முன்குறியில் இல்லை, குழலில்.

கேள்வி: மெரினாவில் பலூன் சுடும் கடைகளில் துப்பாக்கியின் குறிகளை வேண்டுமென்றே கோணலாக்கி வைத்திருப்பார்கள் என்பது உண்மையா?
(வாசகி, சென்னை)

பதில்: வேண்டுமென்று செய்ய வேண்டிய தேவையே இல்லை. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான கைகளில் மாறி, உப்புக் காற்றில் துருப்பிடித்து, கீழே விழுந்து எழும் துப்பாக்கியில் முன்குறி தானாகவே கோணலாகிவிடும். முதல் ரவை பலூனுக்கு எந்தப் பக்கம் போய்ப் பலகையில் படுகிறது என்று கவனித்து, அடுத்த ரவைக்கு அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளிக் குறி வையுங்கள். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம்.

கேள்வி: என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குச் செல்கிறாள். ஊரிலிருந்து போட்டிக்குப் பயணம் செய்து இறங்கியதும் முதல் சில ரவைகள் கீழே இடப்பக்கமாக விழுகின்றன. பயிற்சியாளர் பின்குறியைத் திருப்பிச் சரிசெய்கிறார். ஆனால் முன்குறியில் ஏதேனும் கோளாறு இருக்குமோ என்று எனக்கு ஐயம்.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: போட்டி ரைபிளின் முன்குறி முற்றிலும் வேறு அமைப்பு. சிறு குழாய்க்குள் ஒரு வளையம் இருக்கும். பின்குறியின் ஊசித்துளை வழியாகப் பார்த்து, முன்குறியின் வளையத்துக்கு நடுவில் இலக்கின் கருவட்டத்தை நிறுத்துவார்கள். வட்டத்துக்குள் வட்டத்தை நிறுத்துவதில் கண் மிகவும் தேர்ந்தது. அதனால்தான் 30.5 மி.மீ. கருவட்டத்தின் நடுவில், வெறும் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்தைத் தாக்க முடிகிறது. அதே காரணத்தால், மற்ற ரைபிள்களில் கண்ணுக்கே தெரியாத பிழை இங்கே மதிப்பெண்ணைத் தின்றுவிடும். இரு குறிகளுக்கும் இடையே 700 மி.மீ. இருப்பதாகக் கொண்டால், முன்குறி பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ரவை ஏறத்தாழ 1.4 மி.மீ. விலகும். இலக்குத் தாளில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. என்பதால், அது அரை மதிப்பெண்ணுக்கும் மேல். தசமத்தில் மதிப்பெண் கணக்கிடும் இன்றைய முறையில் அது சிறிய இழப்பல்ல.

உங்கள் ஐயத்துக்கு இடம் உண்டு. பயணத்தில் பெட்டிக்குள் ரைபிள் எதன்மீது அழுந்துகிறது என்று பாருங்கள். பஞ்சுப்பட்டையின் வெட்டு சரியில்லையென்றால் முன்குறிக் குழாய்தான் சுமையைத் தாங்கும். சில ரகங்களில் முன்குறி குழலின்மேல் நேரடியாக அமராமல், குழலைச் சுற்றிய உறையின்மேல் அமர்ந்திருக்கும். அந்த உறையின் பிடிதிருகு தளர்ந்தால் உறையே சற்றுச் சுழன்றுவிடும். உறைக்கும் உடற்பகுதிக்கும் இடையே மெல்லிய அடையாளக் கோடு ஒன்றை இட்டுவைத்தால், இறங்கியவுடன் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கோடு மாறியிருந்தால் முதலில் முன்குறியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாமல் பின்குறியை மட்டும் திருப்பினால் ரவை நடுவுக்கு வரும். ஆனால் முன்குறிக்குள் குறுக்குப் பட்டை இருந்தால் அது சாய்ந்தே தெரியும், மகளும் ரைபிளைச் சாய்த்துப் பிடிப்பாள். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் ரவை பத்து மீட்டரில் ஏறத்தாழ 17 மி.மீ. இறங்கும். அந்த வேகத்தில் ரைபிள் பத்து டிகிரி சாய்ந்தால் ரவை சாய்ந்த பக்கமே 3 மி.மீ. தள்ளிப்போகும். எப்போதும் ஒரே சாய்வில் பிடிப்பவருக்கு இது தொல்லை இல்லை; நல்ல வீரர்கள் பலர் சாய்த்தே பிடிக்கிறார்கள். நாளுக்கு நாள் மாறும் சாய்வுதான் தொல்லை.

பின்குறியைத் திருப்புவதிலும் ஓர் எச்சரிக்கை. ஜெர்மன் தயாரிப்புகளில், ரவை எங்கே விழுந்ததோ அந்தத் திசைக்குரிய எழுத்தை நோக்கித் திருகைத் திருப்புவதே வழக்கம். வேறு தயாரிப்புகளில் எதிர்மாறாகவும் இருக்கலாம். புதிய குறியை வாங்கினால், நான்கு கிளிக் திருப்பிச் சுட்டு, எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்.

போட்டி தொடங்குவதற்கு முன், கணக்கில் சேராத சோதனை ரவைகளைச் சுட நேரம் தருவதே இதற்காகத்தான். இந்திய வீரர் அபினவ் பிந்த்ரா 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றபோது, இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனை ரவை நடுவை விட்டு வெகுதூரம் விலகி விழுந்ததையும், குறி மாறியிருப்பதை அப்போதே உணர்ந்து அந்தச் சில நிமிடங்களுக்குள் திருத்திக்கொண்டதையும் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். தகுதிச் சுற்றில் 596, இறுதியில் 104.5, மொத்தம் 700.5, வெள்ளி வென்ற சீன வீரர் ஜூ சினானுக்கும் அவருக்கும் இடைவெளி 0.8 மட்டும். மகளிடம் இதனைச் சொல்லுங்கள். சோதனை நேரத்தில் ரவை விலகினால் பதறத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கல்லூரியில் என்.சி.சி. மாணவன் நான். முகாமில் எனக்குக் கொடுக்கப்பட்ட 0.22 ரைபிள் எல்லாத் தோட்டாக்களையும் இடப்புறம் சுட்டது. முன்குறியைச் சற்றுத் தட்டிவிடலாமா என்று கேட்டதற்கு ஹவில்தார் கடுமையாகத் திட்டிவிட்டார். நான் கேட்டதில் என்ன தவறு, ஐயா?
(வாசகர், மதுரை)

பதில்: கேட்டதில் தவறில்லை, தம்பி, தட்டியிருந்தால் தவறு. அந்த ரைபிள் உங்கள் ஒருவருடையது அல்ல. உங்களுக்குப் பின்னால் படுத்துச் சுடும் மாணவர் தோளில் வைக்கும் விதமும் கன்னம் பதிக்கும் விதமும் வேறு; உங்களுக்கு இடப்புறம் போவது அவருக்கு நடுவில் விழலாம். ஆளுக்கொரு முறை தட்டினால் மாலைக்குள் அந்த முன்குறி எங்கே நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். குரூப்பிங் பயிற்சியில், தோட்டாக்கள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதைத்தான் அளக்கிறார்கள். எந்த இடத்தில் விழுந்தன என்பது அங்கே கணக்கில் வராது. ஐந்தும் இடப்புறம் ஒரே கூட்டமாக விழுந்திருந்தால், நீங்கள் நன்றாகச் சுட்டிருக்கிறீர்கள் என்றுதான் பொருள்.

வேறு வேறு மாணவர்கள் சுட்டும் அந்த ரைபிள் இடப்புறமே போகிறது என்றால், அதன் எண்ணைக் குறித்து ஹவில்தாரிடம் சொல்லுங்கள். அது படைக்கலங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரரின் கைக்குப் போகும். படைகளில் இது நெடுநாளைய ஒழுங்கு. பிரிட்டிஷ் படையின் பழைய லீ-என்ஃபீல்டு நெம்பர் 4 ரைபிளில் முன்குறியை அரத்தால் தேய்க்கும் வழக்கமே கிடையாது. 0.015 அங்குல வித்தியாசத்தில் பல உயரங்களில் முன்குறித் தகடுகள் தயாராக இருந்தன. ஒரு படி மாற்றினால் நூறு கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஏற்ற இறக்கம் கிடைக்கும். பக்கவாட்டுப் பிழைக்குச் சுத்தியல் இல்லை. திருகு வைத்துத் தள்ளும் ஒரு சிறு கருவியால் ஆர்மரர் தகட்டை இழையளவு நகர்த்துவார். தோட்டா சுடும் எந்தத் துப்பாக்கியையும் பழுதுபார்க்கும் தொழிலுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தனி உரிமம் வேண்டும். ஆகவே வீட்டில் உரிமத்தோடு ரைபிள் வைத்திருப்பவர்களும் முன்குறி வேலைக்கு உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே செல்ல வேண்டும்.

அடுத்த முகாமில் அதே ரைபிள் கிடைத்து, ஆர்மரர் இன்னும் பார்க்கவில்லையென்றால், ஹவில்தாரின் அனுமதியோடு குறிவைக்கும் புள்ளியை வலப்புறம் தள்ளிக்கொள்ளுங்கள். முதல் குரூப்பின் நடுவிலிருந்து இலக்கின் நடுவுக்கு எவ்வளவு தூரமோ, அவ்வளவு தள்ளினால் போதும்.